பாயான் லெப்பாஸில் காற்று எவ்வளவு?



தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்புகிற நம்மவர்கள் தவறாமல் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் முப்பந்தல். சாலையின் இருபுறமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள். அதைச் சொல்லி முடித்த கையோடு ஒரு கேள்வியும் வரும்: "பினாங்கைச் சுற்றிக் கடல்தானே, இங்கே ஏன் ஒன்றுகூட இல்லை?" மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சூடாக வருகிறது.

நியாயமான கேள்விதான். யாரையாவது குறை சொல்லி ஒரே வரியில் பதில் முடித்துவிடலாம். ஆனால் உண்மையான பதில் நம் ஊரிலேயே, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில், ஆண்டாண்டு காலமாக எழுதப்பட்டு வருகிறது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

1935இல் திறக்கப்பட்ட விமான நிலையம் அது. பயணிகள் அதிகம் கவனிக்காத பக்கத்தில் வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் இயங்குகிறது. உலக வானிலை அமைப்பின் பட்டியலில் அதற்கு 48601 என்று எண். மழை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றோடு காற்றின் வேகமும் திசையும் அங்கே பதிவாகின்றன. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மறைப்பில்லாத வெளியில் காற்றை அளக்க வேண்டும் என்பது எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட முறை. ஜப்பானில் எடுத்த எண்ணையும் இங்கே எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது அதனால்தான்.

அந்த நிலையம் சொல்வது இது: பாயான் லெப்பாஸில் ஆண்டுச் சராசரிக் காற்று நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று முன்பின். மணிக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு இதமான காற்று. காற்றாலைக்குப் போதாது. பெரும்பாலான காற்றாலைகள் சுற்றத் தொடங்கவே நொடிக்கு 3 முதல் 4 மீட்டர் வேகம் வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு போட்டுத்தான் ஆக வேண்டும். காற்றில் உள்ள ஆற்றல், வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. நான்கு மடங்கானால் அறுபத்து நான்கு மடங்கு. நம் ஊர் வெப்பத்தில், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே கடக்கும்போது அதில் இருப்பது 5 வாட்டுக்கும் குறைவு. அதே காற்று 8 மீட்டர் வேகத்தில் வந்தால் ஏறத்தாழ 300 வாட். முப்பந்தலுக்கும் நமக்கும் உள்ள தூரத்தை வேகத்தில் பார்த்தால் சிறியதாகத் தெரியும்; ஆற்றலில் பார்த்தால்தான் மலைப்பு வரும். இதிலும் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் பிடுங்க முடியாது. அது இயற்பியல் போட்ட எல்லை. பொறியாளரின் திறமைக் குறைவு அல்ல.

ஆனால் சராசரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவதும் சரியில்லை. காற்று வளத்தை மதிப்பிடுகிறவர்கள் முதலில் சந்தேகப்படுவதே சராசரியைத்தான். ஓர் ஊரில் நாள் முழுவதும் ஒரே சீராக 4 மீட்டர் காற்று. இன்னோர் ஊரில் பாதி நேரம் 2 மீட்டர், பாதி நேரம் 6 மீட்டர். சராசரி இரண்டுக்கும் 4தான். மும்மடி போட்டுப் பாருங்கள்: முதல் ஊருக்கு 64, இரண்டாவது ஊருக்கு 8, 216 ஆகிய இரண்டின் சராசரி, 112. சராசரி ஒன்றாக இருக்க, ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று ஆண்டு முழுவதும் எடுத்து, எந்த வேகம் எத்தனை மணி நேரம் வீசியது என்று பிரித்து எழுதுகிறார்கள். காற்று வள ஆய்வின் உயிர் அந்தப் பட்டியல்.

பாயான் லெப்பாஸின் பட்டியலை அப்படிப் பிரித்தால் என்ன தெரியும்? இங்கே வசிக்கிறவர்களுக்கு அது கருவி இல்லாமலே தெரியும். பத்து மாவுங் பக்கமோ தெலுக் கும்பார் பக்கமோ வெயில் ஏறிய மதியத்துக்கு மேல் போய் நின்று பாருங்கள். தரை சூடேற, கடலிலிருந்து காற்று உள்ளே வரும். தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடக்கும். வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் இந்தக் கடற்காற்று 10 முதல் 15 நாட் வரை, அதாவது நொடிக்கு 5 முதல் 8 மீட்டர் வரை, எழும்பும் என்று நம் வானிலைத் துறையே சொல்கிறது. காற்றாலை சுற்றக்கூடிய வேகம்தான். ஆனால் சூரியன் சாய்ந்ததும் அது அடங்கிவிடும். இரவில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அதைவிட மெலிது. விடியும்வரை விமான நிலையத்துக் காற்றுப்பை பெரும்பாலும் தொங்கியபடியே கிடக்கும். நாளின் சில மணி நேரம் நன்றாகவும் மீதி நேரம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமலும் இருப்பதுதான் நம் காற்றின் குணம்.

இன்னொரு காற்றும் உண்டு. தென்மேற்குப் பருவ மாதங்களில் விடியலுக்குச் சற்று முன்னே சுமத்திராப் பக்கமிருந்து மேகச் சுவர் ஒன்று நீரிணையைத் தாண்டி வரும். திடீரென்று கதவுகள் அடித்துக்கொள்ளும், மரம் முறியும், ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். படகை எடுக்கலாமா வேண்டாமா என்று தெலுக் கும்பார் மீனவர்கள் அந்த மேற்கு வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். "இவ்வளவு பலமான காற்று இருக்கிறதே" என்று அதைக் காட்டிச் சிலர் கேட்பதுண்டு. அந்த வேகம் காற்றாலைக்குச் சோறு போடாது. எப்போதாவது வந்து, சற்று நேரமே நின்று, இயந்திரத்தைத் தாக்கிவிட்டுப் போகும் காற்று அது.

ஏன் நமக்கு இப்படி? நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். இந்தப் பகுதியில் காற்றழுத்த வேறுபாடே குறைவு. அதோடு, தென்மேற்கிலிருந்து வருவதைச் சுமத்திராவின் மலைத்தொடர் வாங்கிக்கொள்கிறது. வடகிழக்கிலிருந்து வருவதைத் தித்திவாங்சா மலை தடுத்துவிடுகிறது. டிசம்பரில் கிளந்தானும் திரெங்கானுவும் காற்றிலும் வெள்ளத்திலும் தத்தளிக்கும்போது நாம் வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பதற்கு அந்த மலைதான் காரணம். காற்றாலைக்கு எது குறையோ அதுவே இந்தத் தீவுக்குக் காவல் என்று எனக்குத் தோன்றும்.

காற்று பலவீனம் என்றாலும் அதற்குத் திசை உண்டு. அடுத்த முறை விமானத்தில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தால் ஓடுபாதையின் முனைகளைப் பாருங்கள். ஒரு முனையில் 04, மறுமுனையில் 22 என்று பெரிதாக எழுதியிருக்கும். அவை 40 பாகை, 220 பாகை ஆகிய திசைகள். ஒன்று வடகிழக்கு, மற்றது தென்மேற்கு. நம் முன்னோரின் பாய்மரங்களைக் கடாரத்துக்குக் கொண்டுவந்து, திரும்பவும் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவைத்த இரண்டு பருவக்காற்றுகளும் இதே திசைகளுக்கு உரியவை.

"தாழ்வாக அளந்தால் குறைவாகத்தான் இருக்கும், உயரப் போனால்?" என்று பொறியியல் படித்த வாசகர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. உயரம் ஏற ஏற வேகம் ஏறும். திறந்த வெளிக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரப்படி 10 மீட்டரில் 2 என்றால் 100 மீட்டரில் ஏறக்குறைய 2.8. கட்டடங்கள் நிறைந்த இடத்தில் இந்த ஏற்றம் இன்னும் கூடலாம், 3.5 வரை போகலாம். அப்போதும் காற்றாலை விழித்துக்கொள்ளும் வேகம்தான் அது, உழைக்கும் வேகம் அல்ல. ஓடுபாதைக்குப் பக்கத்தில் அவ்வளவு உயரமாக எதையும் நிறுத்தவும் முடியாது.

இதற்குள்ளேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 1972இல் இங்கே தடையற்ற வணிகத் தொழிற்பேட்டை வந்தது. இன்டெல் உட்படத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. நெல்வயலும் தென்னந்தோப்புமாக இருந்த ஊரில் அடுக்குமாடிகள் வந்தன. இப்போது தெற்கே கடலைத் தூர்த்துச் சிலிக்கான் தீவு உருவாகிக்கொண்டிருக்கிறது. கட்டடம் பெருகினால் தரையை ஒட்டிய காற்று தடுக்கப்படும். ஆகவே பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒப்பிடுகிறவர் ஊரின் வரலாற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விமான நிலையத்தின் ஓர் எண், தெலுக் கும்பார் முனைக்கோ கெண்டி தீவுக்கோ அதற்கப்பால் உள்ள கடலுக்கோ அப்படியே பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கங்கே கம்பம் நட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அப்படித்தான் செய்தது. முப்பந்தலைப் பார்த்து வியக்கிறவர்கள் அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு பெண்மணியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அன்னா மாணி. 1918இல் திருவிதாங்கூர் மலைப்பகுதியான பீருமேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் வைரங்களை வைத்து ஆய்வு செய்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்பதற்காக அவருடைய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் கொடுக்கப்படவில்லை. 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது மிகச் சாதாரணமான வானிலைக் கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய நிலை. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, உள்நாட்டிலேயே செய்யவைத்தார். தவறான அளவீடு, அளக்காமல் இருப்பதைவிடக் கெடுதல் என்ற பிடிவாதத்தோடு வேலை செய்தவர். 1976இல் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. நாடு முழுவதுமுள்ள நிலையங்களின் காற்றுப் பதிவுகளைத் திரட்டி, மூலே என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1983இல் இந்தியாவுக்கான காற்று ஆற்றல் தரவு நூலை வெளியிட்டார்.

1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்கள் முதன்முதலாகச் சுற்றின. அதே காலத்தில் கணவாய்களின் வாயிலெல்லாம் கம்பம் நட்டு அளந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை, காற்றை மறிக்கும் சுவர். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய மூன்று இடங்களில் அந்தச் சுவரில் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு வேகமெடுத்துப் பாய்கிறது. கயத்தாறு, தென்காசி, உடுமலைப்பேட்டை என்று காற்றாலைகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். எல்லாம் அந்த மூன்று வாய்களுக்கு நேரே இருக்கும். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கரணையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. கயத்தாற்றில் இயந்திரங்களைச் சோதிக்கும் நிலையம் இருக்கிறது. இவ்வளவுக்கும் அடியில் கிடப்பது வெயிலில் கம்பத்தடியில் நின்று எண்களை எழுதியவர்களின் உழைப்பு.

மலேசியாவிலும் அந்த உழைப்பு இல்லாமல் இல்லை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோபியான் முதலானோர் 1982 முதல் 1991 வரையிலான பத்தாண்டுப் பதிவுகளை எடுத்து, பத்து நிலையங்களை ஒப்பிட்டு 1995இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் முதலிடம் ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்குக்கு. அங்கேகூடச் சதுர மீட்டருக்குச் சராசரி 85.61 வாட்தான். 2007இல் திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவில் டீசல் செலவைக் குறைப்பதற்காகச் சூரியத் தகடுகளோடு இரண்டு 100 கிலோவாட் காற்றாலைகளை நிறுத்தினார்கள். 2011இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் வந்தபோது சூரிய ஒளி, உயிரி வாயு, சிறு நீர்மின் திட்டம் ஆகியவற்றுக்குத் தனி விலை நிர்ணயித்தார்கள். காற்று அந்தப் பட்டியலில் சேரவில்லை. காற்றின் எண்கள் தெம்பாக இருந்திருந்தால் சேர்ந்திருக்கும்.

காற்று தாராளமாக இருக்கிற இடத்திலும் காற்றை மட்டும் அளந்தால் போதாது என்பதற்கு இலங்கையின் மன்னார் தீவு இருக்கிறது. வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று நான்கு திசைக் காற்றையும் வைத்துக் கடல் தொழில் செய்யும் மக்கள் அங்கே. அந்தத் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் திறனுள்ள தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. வலசை வரும் பறவைகளின் வழித்தடம் அந்தத் தீவு. பூநாரைகள் கூட்டமாக வந்திறங்கும் இடம். பறவைகளுக்கு என்ன ஆகும், மழைநீர் வடியும் வழி அடைபடுமா, கரைவலை இழுக்கிறவர்களின் பாடு என்ன என்ற கேள்விகளோடு மன்னார் மக்கள் மேலும் காற்றாலைகள் வருவதை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். அந்தக் கேள்விகள் முதல் கம்பம் நடும் நாளிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. மீனவரின் அனுபவமும் பறவைகளின் பாதையும் கருவியின் எண்ணோடு சேர்ந்து ஒரே ஆவணத்தில் வர வேண்டும். கடல் தூர்ப்பால் ஏற்கெனவே கவலையில் இருக்கும் பெர்மாத்தாங் டாமார் லாவுட் மீனவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

சரி, நம் ஊருக்கு என்ன வழி? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பாயான் லெப்பாஸின் தரையில் காற்றாலை வேண்டாம். நமக்குக் கிடைத்திருக்கும் வரம் வெயில். இங்கே ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 கிலோவாட் மணி சூரிய ஆற்றல் விழுகிறது. சாதாரணத் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினாலும், இரவையும் சேர்த்துச் சராசரி 40 வாட் வரும். அதே அளவுப் பரப்பில் நம் சராசரி வேகத்தில் வீசும் காற்று தரக்கூடியது அதிகம் போனால் 3 வாட். தொழிற்பேட்டையின் கூரைகளை வானத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரியும். அக்கரையில் கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் தகடுகளைச் செய்து உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இக்கரையில் கூரைகள் காத்துக்கிடக்கின்றன.

வீட்டுக் கூரையில் சிறிய காற்றாலை வைத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் தயவுசெய்து நிதானியுங்கள். 1,000 வாட் என்று அட்டையில் போட்டிருக்கும். எந்தக் காற்றில் என்று கேளுங்கள். பெரும்பாலும் நொடிக்கு 11 மீட்டர் என்றிருக்கும். நம் ஊர்ச் சராசரிக்கு அதன் மும்மடிக் கணக்கைப் போட்டால் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சேமித்த பணத்தை அதில் போட்டுவிட்டுக் கூரையில் அசையாமல் நிற்கும் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை நம் குடும்பங்களில் எவருக்கும் வர வேண்டாம்.

அதற்காக அளப்பதை நிறுத்திவிடலாம் என்று அர்த்தமில்லை. தீவின் தென்முனையிலோ கடலுக்குள் உள்ள சிறு தீவுகளிலோ ஓராண்டுக்கு ஒரு கம்பம் நிற்கட்டும். லேசர் ஒளியை மேலே அனுப்பி 200 மீட்டர் உயரம் வரை காற்றை அளக்கும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. கம்பம்கூடத் தேவைப்படாமல் போகலாம். ஓராண்டுப் பதிவை விமான நிலையத்தின் நீண்டகாலப் பதிவோடு இணைத்துப் பார்த்தால் தென்கடலின் குணம் விளங்கிவிடும். பலன் குறைவு என்று தெரிந்தாலும் அது நட்டமில்லை. கோடிக்கணக்கான வெள்ளியைத் தவறான இடத்தில் கொட்டாமல் காப்பாற்றிய எண் ஆகிவிடும் அது. உயரக் கட்டடங்களை வடிவமைக்கவும், புயல் எச்சரிக்கை தரவும், தொழிற்சாலைப் புகை எந்தக் குடியிருப்புப் பக்கம் போகிறது என்று அறியவும் அதே பதிவுகள் பயன்படும்.

வீட்டில் கணினியோ கைப்பேசியோ இருந்தால் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து தரும் உலகக் காற்று வரைபடத்தை இலவசமாகவே திறந்து பார்க்கலாம். பாயான் லெப்பாஸைப் பாருங்கள், அப்படியே மெர்சிங்குக்கும் மன்னாருக்கும் ஆரல்வாய்மொழிக்கும் போங்கள். நிறம் மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது கணினி போட்ட கணக்கு, நேரில் அளந்தது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியிலும் தீவின் மற்றத் தமிழ்ப்பள்ளிகளிலும் உள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டு குச்சி, ஓர் ஆணி இருந்தால் காற்றளவி செய்துவிடலாம். ஒரு கிண்ணத்துக்கு மட்டும் வேறு நிறம் அடித்துவிட்டால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பிள்ளைகள் எண்ணலாம். காலை பள்ளி தொடங்கும்போது ஒரு முறை, மதியம் மணியடிக்கும்போது ஒரு முறை. ஒரு தவணை முழுக்க எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயரோடு வெளியிடுகிறோம். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள், மீன்பிடிப் படகில் போய் வந்தவர்கள், பழைய பாயான் லெப்பாஸின் காற்று எப்படி இருந்தது, எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து வீசியது, எப்போது மாறத் தொடங்கியது என்று நினைவிலிருப்பதை எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்